விளையாட்டு உலக மேப்பில் வரையும் வடிவமும் பெயரும் இடம் மாறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

லுவான்டி என்ற பிளாக் விளையாட்டின் (2024 அக்டோபர் வரை மினிடெஸ்ட் என்ற பெயரில் இருந்தது) உலகத்தை மேலிருந்து பார்த்த படமாக்க மினிடெஸ்ட்மேப்பர் இருக்கிறது. அந்தப் படத்தின் மேல் எல்லைக்கோடு, வட்டம், ஊர்ப்பெயர் போட இமேஜ்மேஜிக் இருக்கிறது. இரண்டும் டெர்மினலில் ஓடுபவை. மேப்பரின் ஒரு கிளைப் பதிப்பு வடிவங்களையும் எழுத்தையும் தானே வரையும். ஆனால் தமிழ்ப் பெயர் வேண்டும், பாதி ஒளிபுகும் நிறம் வேண்டும் என்றால் இமேஜ்மேஜிக் வழிதான் தோது. இங்கே அதையே எடுத்துக்கொள்கிறோம்.

கட்டளைகள் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்கவும். குறிகளும் எண்களும் இடைவெளிகளும் அப்படியே இருக்கட்டும்.

வரைந்த வடிவம் தப்பான இடத்தில் நிற்கும்போது எல்லோரும் முதலில் வரையும் கட்டளையைத்தான் நோண்டுவார்கள். பெரும்பாலும் பிழை அங்கே இருக்காது, அடிப்படம் எந்த ஆயத்தொலைவில் தொடங்குகிறது என்பதில் இருக்கும். அதனால் அறிகுறிகளுக்குள் போகுமுன் படத்தின் சட்டத்தை, அதாவது அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை, ஆணியடித்து நிறுத்திவிடுவோம்.

மினிடெஸ்ட்மேப்பர் -ஐ உலகம் -ஓ அடி.பிஎன்ஜி --ஜியாமெட்ரி -800:-800+1600+1600

ஜியாமெட்ரியில் முதல் எண் மேற்கு ஓரத்து எக்ஸ், இரண்டாவது தெற்கு ஓரத்து இசட், பிறகு அகலம், பிறகு வடக்கு தெற்கு நீளம். எல்லாம் பிளாக் கணக்கு. ஜூம் தராவிட்டால் ஒரு பிளாக்குக்கு ஒரு பிக்சல். ஆக இந்தப் படம் 1600×1600 பிக்சல் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று "ஐடென்டிஃபை அடி.பிஎன்ஜி" அடித்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டு மேலே போக வேண்டாம்.

உலக ஆயத்தொலைவைப் பிக்சலாக்கும் கணக்கு:

பிக்சல் குறுக்கு = எக்ஸ் − மேற்கு ஓரம்
பிக்சல் நெடுக்கு = (தெற்கு ஓரம் + நீளம் − 1) − இசட்

நம் படத்துக்கு இது எக்ஸ் + 800, 799 − இசட் என்று சுருங்கும். விளையாட்டில் எஃப்5 அழுத்தினால் நிற்கும் இடத்தின் எண்கள் தெரியும். மூன்று எண்களில் நடுவிலுள்ள ஒய் உயரம், அது நமக்கு வேண்டாம். எக்ஸ் 215, இசட் −340 என்ற இடத்தில் கோட்டை இருந்தால் பிக்சல் 1015, 1139. கீழே எல்லா உதாரணத்துக்கும் இந்தக் கோட்டையே போதும்.

எல்லா வடிவமும் ஒரே அளவு, ஒரே பக்கம் விலகி நிற்கின்றன

விலகலை அளந்து பாருங்கள். கிம்ப் என்ற பட எடிட்டரில் படத்தைத் திறந்து சுட்டியை வைத்தால் கீழே பிக்சல் எண் காட்டும். விலகல் எவ்வளவு என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

சரியாக 40 பிக்சல் என்றால் --டிராஸ்கேல் போட்டு எடுத்த படம் அது. அளவுகோல் போடுவதற்காக மேப்பர் மேலேயும் இடப்பக்கமும் 40 பிக்சல் ஒதுக்குகிறது. படம் 1640×1640 ஆகியிருக்கும். கோட்டை 1055, 1179 என்ற இடத்துக்குப் போகும், ஆகவே இரண்டு கணக்கிலும் 40 கூட்டுங்கள். --ஸ்கேல்ஸ் கொண்டு அளவுகோலை வலப்பக்கமோ கீழேயோ மட்டும் வைத்தால் படம் பெரிதாகும், ஆனால் ஆரம்பப் புள்ளி நகராது, எதையும் கூட்ட வேண்டியதில்லை. எங்கள் யோசனை: வரையப்போகும் படத்துக்கு அளவுகோல் வேண்டாம். வேண்டுமானால் கடைசியில் இமேஜ்மேஜிக்கிலேயே ஒரு கோடு இழுத்துக்கொள்ளலாம்.

விலகல் 1 முதல் 15 பிக்சலுக்குள் இருந்தால் ஜியாமெட்ரி எண்கள் 16-இன் மடங்காக இல்லை. லுவான்டி உலகத்தை 16×16×16 கொண்ட மேப்பிளாக்குகளாகச் சேமிக்கிறது. மேப்பரும் அப்படியே முழு மேப்பிளாக்காகத்தான் எடுக்கும். −790 என்று கொடுத்தால் அது −800 ஆகிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. நீங்கள் −790 வைத்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள், எல்லாம் 10 பிக்சல் இடப்பக்கம் விழும். −800, 1600 இரண்டும் 16-ஆல் வகுபடும் என்பதால்தான் அவற்றை எடுத்தோம். −1024, 2048 கூடச் சரி. −1000 சரிவராது.

விலகல் இவற்றில் எதிலும் அடங்காத பெரிய எண் என்றால், அதோடு ஐடென்டிஃபை காட்டும் அளவும் கேட்டதைவிடக் குறைவு என்றால், மேப்பர் ஓரத்தைக் கத்தரித்துவிட்டது. பழைய பதிப்புகள் ஜியாமெட்ரியை எல்லையாக மட்டும் எடுத்துக்கொண்டு, இதுவரை யாரும் போகாத, உருவாகாத நிலத்தை வெட்டிவிடும். புதியவை கேட்ட சட்டத்தை அப்படியே தரும். ஜியாமெட்ரியே கொடுக்காமல் ஓட்டினாலும் இதே கதைதான்: இன்றைக்குச் சரியாக விழுந்த வடிவம், நாளை ஒருவர் மேற்கே நடந்து புது நிலம் திறந்ததும் விலகிவிடும். மேப்பரைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் --எக்ஸ்டென்ட் போட்டு ஓட்டினால் உருவான நிலத்தின் எல்லையை அதே வடிவில் அச்சிடும். அதில் வரும் முதல் இரண்டு எண்களைக் கணக்கில் போடுங்கள். ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும் அதை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

சட்டம் சரிதானா என்று ஒரே நொடியில் பார்க்க --டிராஆரிஜின் உதவும். மேப்பர் 0,0 இடத்தில் சிறு வட்டம் போடும். நம் கணக்குப்படி அது 800, 799. அங்கே ஒரு கூட்டல் குறி வரையுங்கள்:

மேஜிக் அடி.பிஎன்ஜி -ஸ்ட்ரோக் எல்லோ -டிரா "லைன் 790,799 810,799 லைன் 800,789 800,809" சோதனை.பிஎன்ஜி

வட்டத்தின் நடுவே கூட்டல் உட்கார்ந்தால் சட்டம் சரி. இதன்பிறகு வரும் எந்தப் பிழையும் வரையும் கட்டளையில்தான்.

வடக்கே இருக்க வேண்டியது தெற்கே இருக்கிறது

கிழக்கு மேற்கு சரி, வடக்கு தெற்கு மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் புரண்டிருந்தால் இசட்டைக் கழிக்காமல் கூட்டிவிட்டீர்கள். லுவான்டியில் வடக்கே போனால் இசட் ஏறும். படத்திலோ மேலே போனால் பிக்சல் எண் குறையும். மைன்கிராஃப்டிலிருந்து வருபவர்களுக்கு இது தவறாமல் நடக்கும், ஏனென்றால் அங்கே தெற்கே போனால்தான் இசட் ஏறும். அங்கே எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் உலகமே புரளும்.

புரளவில்லை, மேலே அல்லது கீழே ஒரே ஒரு பிக்சல் தள்ளியிருக்கிறது என்றால் அந்த "− 1" விட்டுப்போயிருக்கும். ஜூம் இல்லாத படத்தில் கண்ணுக்கே தெரியாது. ஜூம் 8 வைத்தால் 8 பிக்சலாகித் துருத்தும்.

இடப்பக்க மேல் மூலையில் சரி, தூரம் போகப்போக விலகல் கூடுகிறது

இது அளவுப் பெருக்கம். படம் பெரிதாகியிருக்கிறது அல்லது சிறுத்திருக்கிறது, கணக்கு பழைய அளவிலேயே நிற்கிறது. --ஜூம் 2 போட்டால் முதலில் பெருக்க வேண்டும், அதன்பின் 40 கூட்ட வேண்டும். ஏனென்றால் அளவுகோல் ஓரம் ஜூமோடு பெருகாது. கோட்டை 2030, 2278 ஆகும். அளவுகோலும் இருந்தால் 2070, 2318. 40-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் எல்லாம் 40 பிக்சல் தள்ளிப்போகும், அது முந்தைய அறிகுறிபோலவே தோன்றிக் குழப்பும்.

ஜூமில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கணக்கில் கிடைப்பது பிளாக்கின் இடப்பக்க மேல் மூலை. ஜூம் 4 என்றால் ஒரு பிளாக் 4×4 பிக்சல். புள்ளி பிளாக்கின் நடுவில் விழ இரண்டிலும் 2 கூட்டுங்கள்.

மேப்பரில் ஜூம் போடாமல் இமேஜ்மேஜிக்கில் பெரிதாக்குவதானால் -ரீசைஸ் வேண்டாம், பிளாக் ஓரங்கள் மங்கிவிடும். -ஸ்கேல் 400% போடுங்கள். அதை -டிராவுக்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் எழுத்தும் சேர்ந்து பெரிதாகிப் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும்.

படம் முழுக்கக் கறுப்பு, அல்லது வட்டத்தையே காணோம்

கோட்டையைச் சுற்றி 60 பிளாக் ஆரத்தில் ஒரு வட்டம் வேண்டும். பலர் எழுதுவது இது:

-டிரா "சர்க்கிள் 1015,1139 60,60"

இமேஜ்மேஜிக்கின் சர்க்கிளுக்கு ஆரம் கொடுக்கும் வழக்கம் இல்லை. முதல் புள்ளி மையம், இரண்டாவது புள்ளி வட்டத்தின் மேல் எங்கேயாவது உள்ள ஒரு புள்ளி. மேலே எழுதியதற்கு அது மையத்திலிருந்து 60,60 என்ற மூலை வரை எட்டும் வட்டம் போடும், ஆரம் சுமார் 1441 பிக்சல். அவ்வளவு பெரிய வட்டத்துக்கு வெளியே மிஞ்சுவது இடப்பக்க மேல் மூலையில் ஒரு துண்டு மட்டும். நிரப்பும் நிறம் சொல்லாவிட்டால் கறுப்பு என்பது இயல்பு. அதனால் அந்த மூலை தவிர மேப் முழுக்கக் கறுப்பாகும். நிரப்பாமல் கோடு மட்டும் போட்டிருந்தால் மூலையில் ஒரு சின்ன வளைவு தெரியும், வட்டம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். சரியானது:

மேஜிக் அடி.பிஎன்ஜி -ஃபில் நன் -ஸ்ட்ரோக் ரெட் -ஸ்ட்ரோக்விட்த் 3 -டிரா "சர்க்கிள் 1015,1139 1075,1139" விடை.பிஎன்ஜி

குறுக்கு எண்ணில் மட்டும் ஆரத்தைக் கூட்டினால் போதும். ஆரம் கொடுத்தே பழகியவர்கள் எலிப்ஸ் பயன்படுத்தலாம்: "எலிப்ஸ் 1015,1139 60,60 0,360".

ரெக்டாங்கிளிலும் இதே பொறி. அதற்கு வேண்டியது எதிரெதிர் மூலைகள், அகலமும் உயரமும் அல்ல. தென்மேற்கு மூலை −120, −400, வடகிழக்கு மூலை 80, −250 என்ற நிலத்துக்கு "ரெக்டாங்கிள் 680,1049 880,1199" என்று வர வேண்டும். இரண்டாவது இடத்தில் 200,150 என்று அகல நீளத்தைப் போட்டால் செவ்வகம் எங்கோ மேற்கே போய் முடியும்.

-ஃபில், -ஸ்ட்ரோக் எல்லாம் -டிராவுக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் எழுதினால் அடுத்த வடிவத்துக்குத்தான் போய்ச் சேரும். ஒருமுறை சொன்னது மாற்றும்வரை நீடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லைக்கோட்டைப் பாலிகனாக வரையும்போது நிலம் வண்ணத்துப்பூச்சி வடிவில் வந்தால் மூலைகளின் வரிசை குலைந்திருக்கிறது. சுற்றி வரும் வரிசையிலேயே கொடுங்கள். பாலிலைன் கடைசிப் புள்ளியையும் முதல் புள்ளியையும் இணைக்காது, ஆனால் -ஃபில் நன் சொல்லாவிட்டால் உள்ளே நிரப்பிவிடும். சாலை, ஆறு வரையும்போது இதைக் கவனியுங்கள்.

நிறம் எழுதியதும் கட்டளை பாதியில் நின்றுவிடுகிறது

லினக்ஸ் ஷெல்லில் சொல்லின் தொடக்கத்தில் ஹேஷ் குறி வந்தால் அங்கிருந்து வரி முடியும்வரை குறிப்புரை. -ஃபில் என்பதற்குப் பின் ஹேஷ் நிறத்தை மேற்கோள் இல்லாமல் எழுதினால் அந்த நிறமும், அதற்குப் பின்னால் உள்ள கோப்புப் பெயரும் சேர்ந்தே காணாமல் போகும். அடைப்புக்குறி உள்ள நிறமும் அப்படித்தான், எதிர்பாராத அடைப்புக்குறி என்று ஷெல்லே கத்தும். எப்போதும் மேற்கோளுக்குள் வையுங்கள்: -ஃபில் "ஆர்ஜிபிஏ(255,0,0,0.25)". இது கால்பங்கு அடர்த்திச் சிவப்பு. கீழே உள்ள நிலம் தெரிய இந்த அளவே நன்றாக இருக்கிறது. 0.4-க்கு மேல் போனால் காட்டுப்பகுதியின் பச்சை சேறாகிவிடும்.

விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ஒற்றை மேற்கோள் மேற்கோளாக வேலை செய்யாது, இரட்டை மட்டுமே. அடுத்த வரிக்குத் தொடரும் குறியும் அங்கே பின்சாய்வு அல்ல, மேல்நோக்கிய கூம்புக்குறி. "கன்வர்ட்" என்று அடித்ததும் தவறான அளவுரு என்று வந்தால் ஓடியது இமேஜ்மேஜிக் இல்லை, டிஸ்க்கின் வடிவத்தை மாற்றும் விண்டோஸின் சொந்தக் கருவி. பதிப்பு 7 நிறுவி "மேஜிக்" என்று அழையுங்கள். பதிப்பு 6 மட்டும் உள்ள லினக்ஸில் மேஜிக் இருக்காது, அங்கே கன்வர்ட்தான்.

தமிழ்ப் பெயர் கட்டங்களாக, அல்லது உடைந்து வருகிறது

இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

கட்டம் கட்டமாக அல்லது கேள்விக்குறியாக வந்தால் பயன்படுத்திய எழுத்துருவில் தமிழ் இல்லை. -ஃபான்ட் சொல்லாமல் விட்டால் இமேஜ்மேஜிக் தன் இயல்பு எழுத்துருவை எடுக்கும். "எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ" என்று அடித்தால் கணினியில் தமிழ் உள்ள எழுத்துருக்கள் எல்லாம் கோப்புப் பாதையோடு வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் ஏதாவது ஒன்றின் முழுப் பாதையை -ஃபான்ட்டுக்குக் கொடுங்கள். பெயரை மட்டும் கொடுத்துப் பிழையாக எழுதிவிட்டால், எழுத்துருவைப் படிக்க முடியவில்லை என்ற எச்சரிக்கையோடு பழைய எழுத்துருவிலேயே வரைந்துவிடும். எச்சரிக்கை மேலே ஓடிப்போய்விடும், கட்டம் மட்டும் மிஞ்சும்.

எழுத்துரு சரி, தமிழ்தான் வருகிறது, ஆனால் எழுத்து இடம் மாறி நிற்கிறது என்றால் வடிவமைப்பு நடக்கவில்லை. "கோட்டை" என்று கொடுத்துப் பாருங்கள். ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி டகரத்தின் சங்கிலிக்கொம்பும் பின்னால் தொங்கும். "குளம்" என்றால் குகரம் ஒன்றுகூடாமல் ககரமும் உகரக் குறியும் தனித்தனியாக நிற்கும். யூனிகோடில் உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் நூலகத்தின் வேலை. இமேஜ்மேஜிக்கில் அந்த வேலையை, படத்தின்மேல் எழுத்து எழுதும் -அனோடேட்டுக்கு, ராக்எம் என்ற நூலகம் செய்கிறது. அது சேர்க்கப்படாமல் கட்டிய பதிப்பு என்றால் எழுத்தைச் சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும்.

"மேஜிக் -வெர்ஷன்" அடித்து, டெலிகேட்ஸ் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். ராக்எம் இருந்தால் -அனோடேட் போதும். இல்லை, ஆனால் பாங்கோகெய்ரோ இருக்கிறது என்றால் பாங்கோ வழியாக எழுதுங்கள்:

மேஜிக் அடி.பிஎன்ஜி \( -பேக்கிரவுண்ட் நன் பாங்கோ:'<ஸ்பான் ஃபான்ட்="நோட்டோ சான்ஸ் தமிழ் 18" ஃபோர்கிரவுண்ட்="ஒயிட்">வடக்குக் கோட்டை</ஸ்பான்>' \) -கிராவிட்டி நார்த்வெஸ்ட் -ஜியாமெட்ரி +1015+1139 -காம்போசிட் விடை.பிஎன்ஜி

அடைப்புக்குறிகளுக்கு இருபுறமும் இடைவெளி கட்டாயம், முன்னால் பின்சாய்வும் கட்டாயம். பாங்கோவுக்கு எழுத்துருவின் பெயர் போதும், பாதை வேண்டாம். ஆனால் பெயரில் "&" இருந்தால் மார்க்கப் பிழை என்று நின்றுவிடும், "&" வரும் இடத்தில் அதன் மார்க்கப் வடிவத்தை எழுத வேண்டும். இரண்டு நூலகமும் இல்லாவிட்டால் வேறு பதிப்பை நிறுவுவதே வழி. எழுத்துக்களை முன்பின் மாற்றி அடித்துச் சமாளிக்க வேண்டாம். கொம்பு இடத்துக்கு வந்ததுபோலத் தெரிந்தாலும் குகரம் சேராது, அந்தப் பெயரை வேறெங்கும் தேடவும் முடியாது.

பெயர் முழுக்க ஆங்கில எழுத்தாகவும் குறிகளாகவும் வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்காக அடித்த உரை. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பெயர் புள்ளியைவிட்டு மேலே ஏறியோ, எங்கோ தூரத்திலோ நிற்கிறது

-கிராவிட்டி என்பது எண்களைப் படத்தின் எந்த இடத்திலிருந்து அளப்பது என்று சொல்லும் தெரிவு. அதைச் சொல்லாதபோது -அனோடேட்டுக்குத் தரும் நெடுக்கு எண் எழுத்தின் அடிக்கோட்டைக் குறிக்கும், ஆகவே எழுத்து புள்ளிக்கு மேலே நிற்கும். நார்த்வெஸ்ட் என்று சொல்லிவிட்டால் அதே எண் எழுத்தின் மேல் விளிம்பைக் குறிக்கும், எழுத்து கீழே இறங்கும். இரண்டையும் கலந்து எழுதிய ஸ்கிரிப்டில் சில பெயர்கள் ஒரு வரி உயரம் ஏறி இறங்கித் தெரிவது இதனால்தான்.

பெயரைப் புள்ளியின் நடுவே நிறுத்த கிராவிட்டி சென்டர் நல்ல வழி. ஆனால் அப்போது எண்கள் படத்தின் மூலையிலிருந்து அல்ல, படத்தின் மையத்திலிருந்து. 1600×1600 படத்தின் மையம் 800,800. கோட்டைக்கு +215+339 என்று தர வேண்டும். 1015, 1139 என்றே கொடுத்தால் பெயர் படத்தைவிட்டே வெளியே போய்விடும், பிழைச்செய்தியும் வராது. பெயரைக் காணவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். கிராவிட்டி எழுத்தைத்தான் நகர்த்தும், -டிராவின் வட்டத்தையோ கோட்டையோ தொடாது. அதனால் வடிவம் சரியாக இருந்து பெயர் மட்டும் தொலைந்திருக்கும்.

எழுத்து தடித்துக் குழம்பி, சுழிகள் அடைத்துப்போய் வந்தால் முன்னால் போட்ட -ஸ்ட்ரோக் எழுத்துக்கும் நீடிக்கிறது. பெயருக்கு முன் -ஸ்ட்ரோக் நன் சேருங்கள். பனி, மணல்மேல் வெள்ளை எழுத்து தெரியாது, காட்டின்மேல் கறுப்பு தெரியாது. ஆகவே ஒரே பெயரை ஒரே இடத்தில் இருமுறை எழுதுங்கள்: முதலில் கறுப்பு ஸ்ட்ரோக், அகலம் 4, அதன்மேல் ஸ்ட்ரோக் நன், வெள்ளை நிரப்பு. வரிசை மாறினால் கறுப்பு விளிம்பு வெள்ளையைத் தின்றுவிடும். தமிழுக்கு 16 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம், ணகர னகரச் சுழிகள் ஒன்றாகிவிடும்.

பெயரின் முதல் எழுத்து "@" என்றால் அதைக் கோப்பு என்று நினைத்துத் திறக்கப் பார்க்கும். சதவீதக் குறிக்கும் தனிப் பொருள் உண்டு, அதை இரட்டித்து எழுதுங்கள்.

பட்டியலிலிருந்து எழுதும்போது சில பெயர்கள் விடுபடுகின்றன

நூறு இடம் என்றால் எக்ஸ், இசட், பெயர் என்று ஒரு கோப்பில் வைத்து லூப் ஓட்டுவீர்கள். கோப்பு விண்டோஸ் நோட்பேடில் எழுதியது என்றால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கும், பெயர்களின் கடைசியில் கட்டம் விழும். "டாஸ்2யூனிக்ஸ்" ஒருமுறை ஓட்டினால் போகும். முதல் வரி மட்டும் பிசகினால் கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி இருக்கிறது, யூடிஎஃப்-8 என்று குறி இல்லாமல் சேமியுங்கள். கடைசி வரி மட்டும் விடுபட்டால் அதன் முடிவில் என்டர் இல்லை. எஃப்5 காட்டிய 215.3 போன்ற தசம எண்ணை ஷெல் கணக்குக்குள் போட்டால் பிழை வரும், அதற்கு முழு எண் மட்டும்தான் தெரியும். ஆக் என்ற டெர்மினல் கருவி கொண்டு கணக்கிடுங்கள், அல்லது முழு எண்ணாக்கிக் கோப்பில் வையுங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் படத்தைத் திறந்து மூடுவது மெதுவாக இருக்கும். இடையில் ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு சுற்றிலும் கோடுகளின் ஓரம் கலங்கும். வடிவங்களை எல்லாம் ஒரே கோப்பில் எழுதி, ஒரே -டிராவில் கொடுப்பது நல்லது. -டிரா @வடிவங்கள்.டெக்ஸ்ட் என்று கொடுத்ததும் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். டெபியன், உபுண்டு பதிப்புகளில் "@" வழியாகக் கோப்பு படிப்பது வேண்டுமென்றே அடைக்கப்பட்டிருக்கிறது. கொள்கைக் கோப்பைத் திருத்தாமலே -டிரா "$(கேட் வடிவங்கள்.டெக்ஸ்ட்)" என்று கொடுத்தால் வேலை நடக்கும். லினக்ஸில் ஒரே அளவுரு 131072 பைட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அளவுருப் பட்டியல் நீளம் என்று மறுக்கும், அப்போது கோப்பை இரண்டாகப் பிரித்து இரண்டு -டிரா போடுங்கள்.

பெரிய படத்தில் மட்டும் தோற்றுப்போகிறது

அகலமோ உயரமோ வரம்பு மீறியது என்றோ, கேஷ் வளம் தீர்ந்தது என்றோ வந்தால் கட்டளையில் தவறில்லை. "ஐடென்டிஃபை -லிஸ்ட் ரிசோர்ஸ்" அடித்தால் வரம்புகள் தெரியும். டெபியன் வழியில் வரும் பதிப்பு 6-இன் இயல்பு, வழக்கமாக அகலம் உயரம் 16000 பிக்சல், நினைவகம் 256 மெபிபைட், டிஸ்க் 1 கிபிபைட். 1600 பிளாக் சட்டத்தை ஜூம் 8-இல் எடுத்தால் 12800×12800. அகலம் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் பிக்சலுக்கு 8 பைட் வீதம் 1.3 ஜிபி ஆகிறது, டிஸ்க் வரம்பில் முட்டும். கட்டளையில் -லிமிட் போட்டு உயர்த்த முடியாது, கொள்கைக் கோப்புக்குக் கீழேதான் அது நிற்கும். இடிசி ஃபோல்டருக்குள் இமேஜ்மேஜிக்-6 (பதிப்பு 7 என்றால் இமேஜ்மேஜிக்-7) ஃபோல்டரில் உள்ள பாலிசி.எக்ஸ்எம்எல் கோப்பில் மாற்ற வேண்டும். சொந்தக் கணினி என்றால் மாற்றலாம். மற்றவர்கள் படம் ஏற்றும் சர்வரில் அந்த வரம்புகள் காவலுக்காக இருப்பவை, அங்கே கை வைக்காதீர்கள். உலகத்தை நான்கு ஜியாமெட்ரியாகப் பிரித்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் மேற்கு, தெற்கு ஓரத்தைக் கணக்கில் போட்டு வரைந்தால் போதும்.

அழித்த பெயர் மறுபடி மறுபடி வருகிறது

உள்ளே போகும் கோப்பும் வெளியே வரும் கோப்பும் ஒன்றாக இருக்கிறது, அல்லது மோக்ரிஃபை பயன்படுத்துகிறீர்கள். அது மூலக்கோப்பின் மேலேயே எழுதும். பிக்சலாகிவிட்ட எழுத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை, அடிப்படத்தை மேப்பரில் மறுபடி எடுக்கத்தான் வேண்டும். எடுத்தபின் "சிமாட் 444 அடி.பிஎன்ஜி" என்று எழுதும் உரிமையை நீக்குங்கள், அது படிக்க மட்டும் உள்ள கோப்பு என்பது பார்ப்பவருக்கும் தெரியும். மோக்ரிஃபையைக் கைவிட்டு எப்போதும் விடை.பிஎன்ஜி என்ற வேறு பெயருக்கே எழுதுங்கள். ஜியாமெட்ரி எண்களையும் ஜூமையும் கோப்புப் பெயரிலேயே சேர்த்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அதே படத்தில் புது ஊர் சேர்க்கும்போது கணக்கை மறுபடி தேட வேண்டியிருக்காது.